துக்கடாவின் இடம்: பேசும்படமும் கச்சேரி மேடையும் (1931–1939)

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய பத்தாண்டின் தமிழக இசையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரு கூற்றுகளுள் ஒன்றைக் கைக்கொள்கின்றனர். கருநாடக இசை பேசும்படத்திற்குள் இறங்கி நீர்த்துப்போயிற்று என்பது ஒன்று. அக்காலத் திரைப்பாடல் செவ்வியல் இசையாகவே விளங்கியது, பின்னரே சீர்குலைந்தது என்பது மற்றொன்று. ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படை ஓர் எடுகோளே: செவ்வியல் இசையையும் வெகுமக்கள் இசையையும் பிரிக்கும் எல்லை சபாவிற்கும் திரையரங்கிற்கும் நடுவே இருந்தது என்பது. அக்காலச் சான்றுகள் இதற்கு இடம் தரவில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸில் (1931) தியாகராசர் கிருதிகளும் காந்தியின் இராட்டினத்தைப் போற்றும் பாடலும் கதைக்குத் தொடர்பின்றியே இடம்பெற்றன. 1935-இல் வெளிவந்த நந்தனாரில் நாடகமேடைப் பாடகி கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சபா மேடையின் முன்னணி வித்துவான் மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராகவும் நடித்தனர். முசிறி சுப்பிரமணிய ஐயர் 1938-இல் துக்காராமாகத் திரையில் தோன்றினார். 1939-இல் சென்னை சங்கீத வித்வத் சபை மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். திரையில் நடித்தது அத்தலைமைக்குத் தடையாகவில்லை. டி.கே. பட்டம்மாளின் நிலைப்பாடு இன்னும் தெளிவானது. திரைக்குப் பாடுவதை அவர் மறுக்கவில்லை. பக்தியும் நாட்டுப்பற்றும் கொண்ட பாடல்களை மட்டும் ஏற்றார், காதல் பாடல்களை விலக்கினார். அவர் வகுத்துக்கொண்ட எல்லை பாடுபொருள் சார்ந்தது, ஊடகம் சார்ந்ததன்று.

அவ்வாறாயின் எல்லை எங்கிருந்தது? கச்சேரிக்குள்ளேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் நிலைபெறச் செய்த கச்சேரி முறையில் வர்ணமும் கிருதிகளும் இராகம் தானம் பல்லவியும் முன்னே நிற்க, திருப்புகழ், ஜாவளி, பதம் முதலியன இறுதியில் துக்கடாவாக அமைந்தன. இவ்வரிசை நேரப் பங்கீடு மட்டுமன்று, மதிப்பீடும் ஆகும். செஞ்சுருட்டி, சிந்துபைரவி போன்ற இராகங்களுக்கும் பெரும்பாலான தமிழ்ப் பாடல்களுக்கும் உரிய இடம் அந்த இறுதிப் பகுதியே எனக் கருதப்பட்டது. தெலுங்குக் கிருதி நடுவிடம் பெற்றது. தமிழ்ப் பாடல், அதன் இசைக் கட்டமைப்பு எத்தகையதாயினும், இடத்தால் ‘எளிய’ பாடலாயிற்று.

இந்த மதிப்பீட்டை முதலில் குலைத்தது இசைத்தட்டு என்று கூறலாம். தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். அதில் கிருதியும் துக்கடாவும் ஒரே அளவின. ஆலாபனை சில நொடிகளாகச் சுருங்கும், சங்கதிகள் குறையும், நிரவலுக்கு இடமே இராது. வரிசையில் கடைசியில் நின்ற பாடல் தனித்தட்டில் தனக்கென ஒரு பக்கத்தைப் பெற்றது. விற்பனைக் கடையில் முன்னும் பின்னும் இல்லை.

திரைப்படம் இதை மேலும் விரித்தது. சிந்தாமணியில் (1937) எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிப் பெரும்புகழ் பெற்ற பாடலொன்று செஞ்சுருட்டியில் அமைந்தது. காவடிச்சிந்தின் இராகம், கச்சேரியின் கடைக்கோடியிலிருந்து ஒரு படத்தின் நடுவிடத்திற்கு வந்தது. அப்பாடலை இயற்றிய பாபநாசம் சிவனோ, அதே ஆண்டுகளில் சபாவில் பாடத்தக்க தமிழ்க் கிருதிகளையும் இயற்றிக்கொண்டிருந்தவர். அவருடைய திரைப்பாடலுக்கும் கிருதிக்கும் இடையே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கட்டுக்கோப்பில் வேறுபாடு சிறிதே. பாடுவோர் மனோதருமத்திற்கு விடப்படும் வெளியிலேதான் இரண்டும் பிரிகின்றன. இந்துத்தானி, மராத்தி மெட்டுகளைத் தழுவிய பாடல்களும் அன்று ஏராளம். அவற்றை இவ்வாதத்திற்குள் முழுமையாக அடக்கிவிட முடியாது.

ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்னும் பெயரில் இசை விமரிசனம் எழுதிய கல்கி, கச்சேரியில் தமிழ்ப் பாடலின் இடத்தை இடையறாது வற்புறுத்தினார். அவருடைய தியாகபூமி 1939-இல் திரைப்படமானபோது சிவன் சம்பு சாஸ்திரியாக நடித்தார், பட்டம்மாள் பின்னணி பாடினார். சபா தரத் தயங்கிய மேடையைத் திரை முன்னரே தமிழ்ப் பாடலுக்குத் தந்துவிட்டிருந்தது. 1941-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உருப்பெற்ற தமிழிசைக் கோரிக்கையை மொழிப்பற்றின் விளைவாக மட்டும் விளக்குவோர் இம்முன்வரலாற்றைக் காணத் தவறுகின்றனர். கோரிக்கை எழுந்தபோது, முழுநீளத் தமிழ்ப் பாடலை நடுவிடத்தில் வைத்துக் கேட்டுப் பழகிய செவிகள் ஆயிரக்கணக்கில் இருந்தன.

பின்னாளில் நாம் காணும் பிளவிற்கு இரசனை மாற்றம் மட்டுமே காரணமன்று. போர்க்காலத்தில் கச்சாப் படச்சுருள் தட்டுப்பட்டது. அரசு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குள் அடக்கியது. பாட்டுக்குப் பாட்டாக நீண்ட முப்பதுகளின் படம் அவ்வளவில் அடங்காது. வெட்டப்பட்டவற்றுள் முதலில் நின்றவை பாடல்கள்.