அவரும் அவனும்: ‘சாபவிமோசனம்’ சிறுகதையின் வாசகர் எதிர்வினையும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

எல்லோரும் அறிந்த பழங்கதையைப் பெரியவர்க்குரிய கசப்போடு மீண்டும் சொல்லும் படைப்புகள் எங்கும் இருவகை எதிர்வினைகளை எழுப்புகின்றன. மூலக்கதை கெடுக்கப்பட்டது என்பது ஒன்று. மறைந்திருந்த உண்மை வெளிப்பட்டது என்பது மற்றொன்று. செர்மானிய நாட்டுப்புறக் கதைகளைக் கிரிம் உடன்பிறப்புகள் 1812இல் வெளியிட்டபோது, அவை சிறுவர்க்கு ஏற்றவை அல்ல என்ற குறை எழுந்தது. 1857 வரை வந்த பதிப்புகளில் கதைகள் படிப்படியாகத் திருத்தப்பட்டன. ‘ஸ்னோ ஒயிட்’ கதையில் பெண்ணைக் கொல்ல முனைந்த தாய், 1819ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாய் ஆனாள். ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் இதற்கு எதிர்த்திசையில் சென்றார். 1977இல் பெரோவின் பிரெஞ்சுத் தேவதைக் கதைகளை மொழிபெயர்த்த அவர், 1979இல் அத்தகைய கதைகளையே வன்மையும் காமமும் வெளிப்படத் தம் நோக்கில் திரும்ப எழுதினார்.

தமிழில் இவ்வகைப் படைப்புக்குத் தக்க சான்று புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’. 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த இச்சிறுகதை குறித்த எதிர்வினைகள் பெரும்பாலும் அதன் கருத்தைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. அவ்வெதிர்வினைகளுக்கு அடிப்படையாக அமைவது கதையில் நிகழும் ஒரு சுட்டுப்பெயர் மாற்றம் என்பதையும், அதனால் மொழிபெயர்ப்பாளர்க்கு எழும் சிக்கலையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. வாசகர் மனத்திலுள்ள மூலம்

மறுபடைப்பைப் படிப்பவர் இரண்டு பனுவல்களை ஒருங்கே படிக்கிறார். ஒன்று கையில் உள்ளது. மற்றொன்று நினைவில் உள்ளது. அகலிகை கதையைப் பொறுத்தவரை இந்த நினைவுப் பனுவல் ஒன்றல்ல.

வான்மீகியின் பாலகாண்டத்தில் வந்தவன் இந்திரன் என்று அறிந்தே அகலிகை உடன்படுகிறாள். அவள் கல்லாவதில்லை, எவர் கண்ணுக்கும் புலப்படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்கிறாள். சாபம் நீங்கியபின் இராமனும் இலக்குவனும் அவள் பாதங்களைத் தொட்டு வணங்குகின்றனர். உத்தரகாண்டமோ அவள் அறியாமல் பிழைபட்டாள் என்று கூறுகிறது. கம்பனில் அவள் உணர்ந்த பின்னும் விலக்கவில்லை. எனினும் அவள் உள்ளத்தால் பிழை செய்யாதவள் என்று விசுவாமித்திரன் தீர்ப்பளிக்கிறான். அங்கே அவள் கல்லாகிறாள். இராமனின் திருவடித் துகள் பட்டு எழுகிறாள்.

கல்லுருவம் தமிழ் மரபில் கம்பனுக்கும் முந்தியது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் குறிப்பிடுமிடத்தில் இந்திரனும் பூனையும் அகலிகையும் கௌதமனும் கல்லுருவும் இடம்பெறுகின்றன. படம் காண்போர் வினவ, உடன்வந்தோர் சுட்டி விளக்குகின்றனர். இக்கதையைச் சுவைத்தோர் பற்றித் தமிழில் உள்ள பழைய பதிவுகளுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம்.

ஆகவே, ‘மூலத்தினின்று விலகல்’ என்ற குற்றச்சாட்டைக் கேட்கும்போது, எந்த மூலம் என்ற வினா உடனெழுகிறது. புதுமைப்பித்தனும் இதனை உணர்ந்திருந்தார். இராமாயணப் பழக்கம் உடையவர்க்கு இக்கதை விளங்காமலும் பிடிக்காமலும் போகலாம்; அதனைத் தாம் பொருட்படுத்தவில்லை என்னும் கருத்தில் கதையின் தலைப்பில் ஒரு குறிப்பை எழுதினார். வாசகர் எதிர்வினையைக் கதை தொடங்குமுன்பே கதையின் பகுதியாக்கிய குறிப்பு அது. தன் நினைவிலுள்ள இராமாயணத்தை உடன்வைத்துப் படிக்குமாறு அது வாசகரை மறைமுகமாகப் பணிக்கிறது.

3. நிகழ்ச்சி மாற்றமும் எதிர்வினையும்

நிகழ்ச்சிகளை மாற்றுவதே வாசகரை உறுத்துகிறது என்பது பொதுவான கருத்து. புதுமைப்பித்தனின் இரு கதைகளை ஒப்பிட்டால் அக்கருத்து நிற்பதில்லை. 1934இல் அவர் எழுதிய ‘அகல்யை’ என்னும் கதையில் சாபமே இல்லை, இராமனும் இல்லை. கௌதமன் இந்திரனிடமும் மனைவியிடமும் கனிவோடு பேசுகிறான். கல்லாதல் என்பது அவன் கேட்கும் கேள்வியில் ஓர் உருவகமாக மட்டும் எஞ்சுகிறது. நிகழ்ச்சி அளவில் மரபை இதைவிட மிகுதியாக மாற்ற இயலாது.

‘சாபவிமோசனம்’ மரபு நிகழ்ச்சிகளை ஏற்றுக்கொள்கிறது. அகலிகை கல்லாகக் கிடக்கிறாள்; இராமன் வருகிறான்; அவள் உயிர்பெறுகிறாள். காடேகலும் மீட்சியும் தீக்குளிப்பும் உரிய வரிசையில் நிகழ்கின்றன. விமோசனத்துக்குப் பின் அவளும் கௌதமனும் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையே ஆசிரியர் புதிதாகச் சேர்க்கிறார். காப்பியம் விட்டுச்சென்ற இடைவெளி அது. இருந்தும் இலக்கிய உலகில் மிகுதியாக விவாதிக்கப்பட்டது இக்கதையே.

கதையின் கருமைக்கு வேண்டிய பொருளும் காப்பியங்களிலேயே உள்ளது. தீக்குளிப்புக்கு முன் இராமன் சீதையிடம் கூறும் கடுஞ்சொற்கள் வான்மீகியிலும் உள்ளன, கம்பனிலும் உள்ளன. இராஜாஜி தமது ‘சக்கரவர்த்தித் திருமக’னை முடிசூட்டு விழாவோடு நிறுத்தி, சீதை கைவிடப்படும் உத்தரகாண்டத்தை ஒதுக்கியதும் மூலத்தின் கருமைக்கு ஒரு வாசகர் ஆற்றிய எதிர்வினை எனலாம். புதுமைப்பித்தன் புதிய கொடுமை எதனையும் கற்பிக்கவில்லை. பழைய கொடுமையைக் கேட்கும் செவியை மாற்றினார். இராமனால் மீட்கப்பட்டவளே அவன் ஆணையைக் கேள்விப்படுகிறாள்.

4. சுட்டுப்பெயரின் சரிவு

கதையின் உச்சம் சீதையும் அகலிகையும் தனித்துப் பேசும் உரையாடல். தான் தீக்குளித்ததைச் சீதை கூறுகிறாள். அகலிகை முதலில் வினவும்போது இராமனை ‘அவர்’ என்கிறாள். சீதையும் ‘அவர்’ என்றே அமைதியாக விடையளிக்கிறாள். அதே வினாவை அகலிகை மீண்டும் எழுப்பும்போது ‘அவர்’ ‘அவன்’ ஆகிறது. வினைமுற்றின் ‘-ஆர்’ விகுதி ‘-ஆன்’ ஆகிறது. வினாவின் பொருளில் வேறு மாற்றமில்லை. தகவல் கேட்பதற்காக எழுந்த வாக்கியம் இரண்டாம் முறை தீர்ப்பாக ஒலிக்கிறது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. தமிழில் ‘அவன்’ என்பது இயல்பாகவே இழிவுப்பொருள் தருவதன்று. கம்பன் இராமனை ‘-ஆன்’ விகுதியாலேயே சுட்டுகிறான். அடியார் இறைவனை ஒருமையில் விளிப்பது மரபு. இக்கதையின் கதைசொல்லியும் இராமனை முழுவதும் ஒருமையிலேயே குறிக்கிறார். எந்த வாசகரும் அதனைக் குறையாகக் கொள்ளார். முதியவளான அகலிகை தொடக்கம் முதலே ‘அவன்’ என்றிருந்தாலும் அது மூத்தோர் வழக்காகவே கொள்ளப்பட்டிருக்கும். தற்கால உரையாடல் வழக்குப்படி, ஒரு பெண்ணிடம் அவள் கணவனைக் குறிக்கும் ‘அவர்’ முதலில் நிறுவப்பட்டுப் பின் கைவிடப்படுவதால்தான் அடி விழுகிறது. எனவே பொருள் சொல்லில் இல்லை. இரு சொற்களுக்கு இடையிலான சரிவில் உள்ளது.

இந்த வேறுபாட்டைக் கவனியாமையே இருதரப்பு எதிர்வினைகளின் குறை. பக்தி நோக்கினர் இதனை ஆசிரியர் இராமனை இழித்ததாகக் கொள்கின்றனர். பகுத்தறிவு நோக்கினர் ஆசிரியர் இராமனைத் தகர்த்ததாகக் கொள்கின்றனர். அகலிகையின் ‘அவ’னை ஆசிரியரின் ‘அவ’னாகப் படிப்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். சீதை இறுதிவரை தன் ‘அவ’ரைக் கைவிடவில்லை, உலகுக்கு மெய்ப்பிக்க வேண்டியதே தன் நிலை என்கிறாள். உள்ளத்துக்குத் தெரிந்தது போதாதா என்பது அகலிகையின் வாதம். இரு அறங்கள் இரு விகுதிகளில் நிற்கின்றன. கதைசொல்லியோ எப்பக்கமும் சாயாமல் காப்பிய ஒருமையில் தொடர்கிறார். அகலிகை மீண்டும் கல்லாவது அவள் வாதத்தின் வெற்றியும் அன்று. அதற்குக் கிடைத்த தண்டனையும் அன்று. இதனைக் கருத்துப் போராக மட்டும் படிப்பவர்க்கு அம்முடிவு விளங்காது.

5. மொழிபெயர்ப்பில் நேர்வன

ஆங்கிலம் படர்க்கை ஆண்பாலுக்கு மரியாதை வேறுபாடு இல்லாத ஒரே சுட்டுப்பெயரை உடையது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் உள்ளிட்டோர் வழியே புதுமைப்பித்தன் ஆங்கிலத்துக்குச் சென்றுள்ளார். எவர் மொழிபெயர்த்தாலும் இவ்விடத்தில் ஆங்கில இலக்கணம் துணைவராது. முதல் வினாவில் ‘அரசர்’ என்றோ, இரண்டாவதில் ‘அந்த மனிதன்’ என்றோ சொல்லைச் சேர்க்கலாம். அவ்வாறு செய்தால் தமிழில் விகுதி மட்டும் செய்த வேலையைப் பெயர்ச்சொல் உரக்கச் செய்யும். அகலிகை வசைபாடுகிறாள் என்ற தோற்றம் எழும். சேர்க்காவிட்டால் ஒரே வினா காரணமின்றி இருமுறை வரும். இந்தியில் ‘உன்ஹோன்னே’, ‘உஸ்னே’ என்னும் வேறுபாடு கைகொடுக்கும்.

தெலுங்கு நிலைமை மேலும் ஆராயத்தக்கது. அங்கு ‘ஆயன’ உயர்வு, ‘அதனு’ இடைநிலை, ‘வாடு’ நெருக்கம் அல்லது இழிவு. தமிழ் ‘அவன்’ இவற்றுள் பின்னிரண்டின் பரப்பையும் தன்னுள் கொண்டது. ‘அதனு’ என்றால் சினம் குறையும். ‘வாடு’ என்றால் சினம் மிகும். ஆனால் அவ்விரண்டுக்கும் வினைமுற்று ஒன்றே: ‘அடிகாரு’ என்பது ‘அடிகாடு’ ஆகும். சுட்டுப்பெயரைத் தொகுத்து வினைமுற்றை மட்டும் நிறுத்தினால் தமிழிலுள்ள நெகிழ்ச்சி பெரும்பாலும் காக்கப்படும். தமிழ்க் குடும்பங்கள் தெலுங்குச் சூழலில் வாழும் செகந்திராபாத், மல்காஜ்கிரி போன்ற பகுதிகளின் இருமொழி வாசகர்க்கு இவ்வேறுபாடு இலக்கணச் செய்தியாக அன்றி அன்றாடப் பழக்கமாகவே தெரிந்திருக்கும். இத்தகைய மொழிபெயர்ப்பின் வரைவை அவர்களிடம் படித்துக்காட்டிச் சோதிப்பது பயனுடையது.

ஐதராபாத்தில் வாழும் வோல்காவின் ‘விமுக்த’ தொகுப்பு தெலுங்கில் ஒப்பிடத்தக்கது. 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அத்தொகுப்பிலும் அகலிகையும் சீதையும் சந்திக்கின்றனர். சந்திப்பு தீக்குளிப்புக்கு முன்பே நிகழ்கிறது. எவ்விசாரணைக்கும் உடன்படாதே என்று அகலிகை அறிவுறுத்துகிறாள். அங்கு அகலிகை வழிகாட்டி. புதுமைப்பித்தனில் அவள் பிந்திக் கேட்டு உடைபவள். முன்னதன் ஆற்றல் வாதத்தில் உள்ளது. ஆதலால் அது மொழிபெயர்ப்பில் எளிதில் பயணிக்கிறது. பின்னதன் ஆற்றல் விகுதியில் உள்ளது.

இதே சிக்கல் பண்பாட்டுக் குறிப்புகளிலும் எழுகிறது. அகலிகையின் சினத்தைக் கதைசொல்லி கண்ணகியோடு இணைக்கிறார். தமிழ் வாசகர்க்கு ஒரு பெயரில் ஒரு காப்பியம் முழுவதும் வந்து நிற்கிறது. அகலிகை வெளியே வராதபோது, இராமன் காலில் படிந்த தூசியே அவனைச் சுடுவதாகக் கதை கூறுகிறது. திருவடித் துகளால் கல் பெண்ணானதைக் கம்பன்வழி அறிந்தவரே இதன் தலைகீழாக்கத்தை உணர்வர். வான்மீகியை மட்டும் அறிந்தவர்க்கு அது வெறும் தூசி.

6. மொழி மாறும்போது மாறும் எதிர்வினை

மொழிபெயர்ப்பு வாசகரை மாற்றுவதால் எதிர்வினையையும் மாற்றுகிறது. பெரியாரின் இராமாயணத் திறனாய்வு தமிழில் 1930 முதல் வழங்கிவந்தது. அதன் ஆங்கில, இந்தி வடிவங்களை உத்தரப்பிரதேச அரசு 1969இல் பறிமுதல் செய்ய ஆணையிட்டது. அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையை நீக்கியது. 1976இல் உச்ச நீதிமன்றம் அரசின் மேல்முறையீட்டைத் தள்ளியது. தன் கருத்துக்கு அடிப்படையான காரணங்களை அரசு ஆணையில் கூறவில்லை என்பதே தீர்ப்பின் அச்சு. எந்த வாசகர், எந்தச் சொல்லால், எவ்வாறு புண்பட்டார் என்பதைச் சுட்டாமல் எதிர்வினையைச் சான்றாக்க இயலாது என்பது திறனாய்வுக்கும் பொருந்தும்.

7. முடிவுரை

‘சாபவிமோசனம்’ எழுப்பிய எதிர்வினைகளைக் கதைச்சுருக்கத்தைக் கொண்டு விளக்க முடியாது. சுருக்கத்தில் ‘அவரு’ம் ‘அவனு’ம் ஒன்றாகிவிடுகின்றன. மறுபடைப்பை மொழிபெயர்ப்போர் மூன்றைத் தனித்தனியே குறித்துக்கொள்ளுதல் நலம்: வாசகர் நினைவில் எந்த மூலம் உள்ளது, பாத்திரத்தின் சுட்டு எங்கே கதைசொல்லியின் சுட்டிலிருந்து பிரிகிறது, அப்பிரிவைத் தாங்கும் உறுப்பு இலக்கு மொழியில் சொல்லா, விகுதியா, மௌனமா. இவற்றுள் இரண்டாவது தவறினால் அகலிகையின் குரல் ஆசிரியரின் குரலாகிவிடும். ஒரு பெண் தன்னை மீட்டவனைப் பற்றிய மரியாதையை இழக்கும் கணம், அப்போது மற்றுமொரு கண்டன உரையாக மட்டுமே அயல்மொழி வாசகரைச் சென்றடையும்.