சோளகர் தொட்டி (நாவல்)

சோளகர் தொட்டி (2004) ச. பாலமுருகன் எழுதிய தமிழ் நாவல். சத்தியமங்கலம் மலைப்பகுதியில் வாழும் சோளகர் என்னும் பழங்குடி மக்களின் வாழ்க்கையையும், வீரப்பன் தேடுதல் வேட்டையில் அவர்கள் பட்ட துன்பத்தையும் சொல்வது. 'தொட்டி' என்பது சோளகர் வாழும் சிற்றூர். ஆசிரியர் பவானியைச் சேர்ந்த வழக்கறிஞர், மனித உரிமைச் செயல்பாட்டாளர்.

பின்னணி

வீரப்பன் நடமாடிய காடு ஈரோடு, தருமபுரிப் பகுதிகளிலும் எல்லைக்கு அப்பால் கர்நாடகத்திலும் பரவியது. 2004 அக்டோபர் 18 அன்று அவர் சுட்டுக்கொல்லப்பட்டது தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே. தேடுதல் வேட்டையில் நடந்த அத்துமீறல்களை நீதிபதி சதாசிவா தலைமையிலான குழு விசாரித்தது. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது.

நாவலின் அமைப்பு

நாவல் இரண்டு பாகங்கள் கொண்டது. முதல் பாகம் தொட்டியின் அன்றாடத்தைச் சொல்கிறது. ராகி விளைச்சல், தேன், வேட்டை, திருவிழா, ஊர்த்தலைவரான கொத்தல்லியின் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு ஆகியவை இதில் வருகின்றன. காட்டின்மீது மக்களுக்கு இருந்த உரிமை சிறிது சிறிதாகப் பறிபோவதும், வெளியாள் ஒருவரிடம் நிலத்தை இழப்பதும் இப்பாகத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இரண்டாம் பாகத்தில் அதிரடிப்படை வருகிறது. மாதியும் அவள் மகளும் முகாமில் அடைக்கப்பட்டு வதைக்கப்படுகிறார்கள்.

மதிப்பீடு

சித்திரவதைக் காட்சிகளுக்காகவே இந்நாவல் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் அதன் வலிமை முதல் பாகத்தில் இருக்கிறது. விசாரணை அறிக்கையில் ஒருவர் 'பாதிக்கப்பட்டவர்' என்ற ஒரே அடையாளத்துடன் வருகிறார். நாவலில் அதே மனிதர் உழுதவர், ஆடியவர், கோபப்பட்டவர், காட்டின் தடங்களை அறிந்தவர். அவரை அப்படி அறிந்த பிறகே அவர் இழந்தது எவ்வளவு என்று வாசகருக்குப் புரிகிறது. மெதுவாக நகர்கிறது என்று முதல் பாகத்தைத் தள்ளிவிட்டுப் படிப்பவர் கொடுமையை மட்டுமே காண்பார். வன்முறைக்கு முன்பே நிலமும் காடும் கைவிட்டுப் போனதை அவர் காணமாட்டார்.

குறையும் உண்டு. இரண்டாம் பாகத்தில் துன்பங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும்போது சில பாத்திரங்கள் தங்கள் தனித்தன்மையை இழந்து சாட்சிகளாக மட்டும் நிற்கின்றன. படையினரின் மனம் எப்படி இயங்குகிறது என்பதை நாவல் அதிகம் ஆராயவில்லை. மாதியின் பாத்திரம் இக்குறைக்கு விலக்கு. வதைக்குப் பிறகும் அவள் முழு மனுஷியாகவே இருக்கிறாள்.

தருமபுரி வாசகருக்கு

தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில் உள்ள வாச்சாத்தி மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர். சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி, 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அங்கே புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடக்கும்போதே இறந்துவிட, மீதி 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இது வீரப்பன் வேட்டையிலிருந்து வேறான நிகழ்வு. ஆயினும் காட்டோரத்து மக்களைக் கடத்தல்காரர்களாகப் பார்த்த அதிகாரத்தின் பார்வை இரண்டிலும் ஒன்றே. வாச்சாத்தித் தீர்ப்பைப் படிக்கும் மாணவர் சோளகர் தொட்டியையும் சேர்த்துப் படிப்பது நல்லது. தீர்ப்பு குற்றத்தை நிறுவுகிறது. குற்றத்துக்கு முன் அங்கே எத்தகைய வாழ்வு இருந்திருக்கும் என்று எண்ணிப்பார்க்க நாவல் உதவுகிறது.

தொடர்ந்து வாசிக்க

மலைமக்கள் வாழ்வை மேலும் அறிய விரும்புவோர், கொல்லிமலைப் பழங்குடியினரைப் பற்றிய கு. சின்னப்ப பாரதியின் 'சங்கம்', நீலகிரிப் படகர்களைப் பற்றிய ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' ஆகிய நாவல்களைப் படிக்கலாம். குறிஞ்சித்தேனை முதலில் படிப்பது புதிய வாசகருக்கு எளிது. சோளகர் தொட்டியைப் பள்ளி மாணவரைவிடக் கல்லூரி மாணவருக்கே பரிந்துரைக்கலாம். அதன் இரண்டாம் பாகத்தைத் தாங்கும் மனமுதிர்ச்சி தேவை.