தும்பைக்கு ஒரு மூலை

ஓணம் நெருங்கினால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் தோவாளையிலிருந்து வந்த செண்டுமல்லியும் வாடாமல்லியும் குவிந்துவிடும். செண்டுமல்லி மெக்சிகோவின் பூ; இங்கு வந்து நம்முடையதாகவே ஆகிவிட்டது. ஆனாலும் ஓணத்துக்கு இடும் பூக்கோலமான அத்தப்பூக்களத்துக்குத் தும்பைதான் அழகு என்பேன். ஓணத்தில் வைத்து வழிபடும் திருக்காக்கரையப்பனுக்கு மலையாளிகள் தேடிப் பறிப்பதும் அதைத்தான்.

கிட்டத்தில் குனிந்து பாருங்கள். கணுதோறும் ஒரு பச்சை உருண்டை, அதைச் சுற்றி அரிசிமணி போல வெள்ளைப் பூக்கள். கீழிதழ் அகன்றிருப்பதால் தேனீ அதில் நின்று தேன் குடிக்கும். சளி பிடித்தால் தும்பையிலை போட்டு ஆவி பிடிப்பதும், காய்ந்த செடியைப் புகைத்துக் கொசு விரட்டுவதும் பழைய வழக்கம். சங்ககாலத்தில் நேருக்கு நேர் பொருத நின்ற வீரர்கள் இதைத்தான் சூடினார்கள். இவ்வளவு சிறிய பூவுக்கு எத்தனை பெரிய மரியாதை!

திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா கடற்கரைக்குப் பெயர் தந்ததும் இந்தச் செடியே. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்துதான் புறப்பட்டது.

வளர்ப்பதில் சிரமமே இல்லை. வெயிலும், நீர் தேங்காத மண்ணும் போதும். காய்ந்த பூங்கொத்தை உதிர்த்துவிட்டால் அடுத்த மழைக்குத் தானே முளைக்கும். களை என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள்; முற்றத்தில் ஒரு மூலையைத் தும்பைக்கு விட்டுவையுங்கள்.