பூதலிங்கம் கையெழுத்து

நோட்டு சேகரிப்பவர்கள் நாலு பேர் கூடினால் 1954ஆம் ஆண்டு ஆயிரம் ரூபாய்த் தாளைப் பற்றிய பேச்சு வராமல் இருக்காது. பின்பக்கம் தஞ்சைப் பெரிய கோயில். 1978இல் செல்லாக்காசாகிப்போன சோகம் வேறு. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கோபுரம் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூருக்கே பஸ் ஏறிவிடலாமே.

என் கண் போய் நிற்பது 1966ஆம் ஆண்டு ஊதா நிற ஒரு ரூபாய்த் தாளில். 1917இல், போர்க்கால வெள்ளித் தட்டுப்பாட்டில் பிறந்தபோதே ஒரு ரூபாய்த் தாள் நாணயத்தின் படத்தைச் சுமந்துகொண்டுதான் வந்தது. அந்த வழக்கம் இன்றுவரை விட்டுப்போகவில்லை. தாளின் ஆண்டையும் அந்த நாணயத்துக்குள்தான் தேட வேண்டும். இதில் 1966 என்று பளிச்சென்று இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு ஒரு ரூபாய் நாணயம் அடிக்கப்படவே இல்லை! பிறக்காத காசுக்கு இவ்வளவு நுணுக்கமாகப் படம் வரைந்திருக்கிறார்கள்.

ஒரு ரூபாயில் ரிசர்வ் வங்கி ஆளுநரும் இல்லை, அவருடைய உறுதிமொழியும் இல்லை. வெளியிடுவது அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது. இந்தத் தாளில் எஸ். பூதலிங்கம், ‘வாஸவேச்வரம்’ நாவலை எழுதிய கிருத்திகாவின் கணவர். 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 4.76இலிருந்து 7.50க்குத் தாவியபோது செயலர் நாற்காலியில் இருந்தவரும் அவரே. அந்த அடியில்தான் வளைகுடா ரூபாயும் ஆட்டம் கண்டது. 1959 முதல் வளைகுடா நாடுகளில் மட்டும் செல்லுபடியாகும்படி சிவப்பு நிறத்தில் ஓர் ஒரு ரூபாய்த் தாள் இருந்தது. துபாயில் டீ குடிக்கலாம், சென்னைக் கடையில் செல்லாது. குவைத்தும் பஹ்ரைனும் முன்பே விலகியிருந்தன. மதிப்புக் குறைப்புக்குப் பின் கத்தாரும் துபாயும் கைவிட்டன. சிவப்புத் தாளுக்கு இன்று கேட்கிற விலையில் ஒரு பவுன் வாங்கிவிடலாம் போலிருக்கிறது. நான் அந்தப் பக்கமே போவதில்லை.

ஊதாத் தாளை வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஓரத்தில் பின் குத்திய ஓட்டைகள் தெரியும். கட்டுக்கட்டாகப் பின் அடித்த வங்கிக்காரர்கள் செய்த பாவம் அது. மொடமொடப்போடு, ஓட்டையில்லாமல் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள்.

1994இல் அச்சு நின்று, 2015இல் தாள் திரும்பி வந்தது. இளஞ்சிவப்பும் பச்சையுமாக ஒரு கலர். பின்பக்கம் அதே பழைய ‘சாகர் சாம்ராட்’ எண்ணெய் மேடை. புதிதாக யோசிக்க ஆளே இல்லையா? யாரும் இதைச் செலவழிப்பதும் இல்லை. மொய்க் கவருக்கும் மாலைக்கும் என்று, நூறு தாள் கட்டை நூறு ரூபாய்க்குப் பல மடங்கு வைத்து விற்கிறார்கள்.

நண்பர்கள் சிலருக்கு மன்மோகன் சிங் பித்து. செயலராக ஒரு ரூபாயிலும், ஆளுநராக மற்றத் தாள்களிலும் கையெழுத்திட்டவராம். எஸ். ஜகந்நாதன் அவருக்கு முன்பே இரண்டையும் செய்துவிட்டார் என்றால் காதில் போட்டுக்கொள்வதில்லை. போகட்டும், அவர்கள் ஆல்பத்தில் உபரியாகக் கிடக்கும் பூதலிங்கங்களை என் பக்கம் தள்ளிவிட்டால் போதும்.