எரியும் பனிக்காடு: பற்றேட்டில் எழுதப்பட்ட அடிமைத்தனம்

எரியும் பனிக்காடு, மருத்துவர் பி. எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த 'ரெட் டீ' என்னும் நாவலின் தமிழ் வடிவமாகும். இரா. முருகவேள் மொழிபெயர்க்க, விடியல் பதிப்பகம் 2007இல் இதை வெளியிட்டது. ஆங்கிலேயர் காலத்தில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் மீது நடந்த நிறவெறிக் கொடுமையையும் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் இந்நாவல் சொல்கிறது. வெள்ளைத் துரைகளின் கொடுமையைச் சொல்லும் நாவல் என்றே இது பெரும்பாலும் அறிமுகம் செய்யப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தக் கொடுமை எந்த வழியாக, யார் கைகளின் வழியாக நடந்தது என்பதை விரிவாகக் காட்டுவதே இந்நாவலின் பலம்.

ஆசிரியரும் கதையும்

டேனியல் 1940களில் வால்பாறைப் பகுதித் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர். பின்னர் தொழிலாளர் சங்கப் பணியிலும் ஈடுபட்டார். தம்மிடம் சிகிச்சைக்கு வந்த முதிய தொழிலாளர்கள் சொன்ன பழைய அனுபவங்களே நாவலுக்கு அடிப்படை. ஆகவே இதில் வரும் குளிர், அட்டை, மலேரியா, வயிற்றுப்போக்கு, குழந்தைச் சாவு ஆகியவை நோயாளியின் படுக்கை அருகே நின்றவர் எழுதியவை.

கதை 1920களின் நடுப்பகுதியில் தொடங்குகிறது. திருநெல்வேலிச் சீமையில் மயிலோடை என்னும் சிற்றூர். கருப்பனும் வள்ளியும் அரைவயிற்றுக் கஞ்சிக்கே வழியின்றித் தவிக்கும் இளம் தம்பதியர். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த அவர்களுக்கு ஊரில் நிலமும் இல்லை, மரியாதையும் இல்லை. அந்த நேரத்தில்தான் சங்கரபாண்டியன் என்ற மேஸ்திரி வருகிறார். நல்ல கூலி, இருக்க வீடு, உடம்புக்கு வந்தால் மருந்து, கொஞ்சம் பணம் சேர்ந்ததும் ஊர் திரும்பலாம் என்று ஆசை காட்டுகிறார். கையில் முன்பணமும் தருகிறார். இருவரும் மலையேறுகிறார்கள். அங்கே கிடைப்பது ஒழுகும் லயன் அறை, விடியுமுன் பெரட்டு, நாள் முழுதும் மழையில் வேலை, பிரம்படி, வசவு. மேலே துரை, அவருக்குக் கீழே எழுத்தர்கள், அதற்கும் கீழே மேஸ்திரி. எல்லாருக்கும் அடியில் கூலிகள்.

பற்றுக் கணக்கு

நாவலில் அடிதடி ஏராளம். ஆனால் கருப்பனைத் தோட்டத்தில் கட்டிப்போடுவது பிரம்பும் காவலும் மட்டுமாக இருந்தால் அவன் ஒரு நாள் இரவு காட்டுவழியே தப்பியிருப்பான். அவனை உண்மையில் கட்டிப்போடுவது மேஸ்திரியின் கணக்கேடு. தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே அவன் கடன்காரன். முன்பணம், வழிச்செலவு, குளிருக்கு வாங்கிய கம்பளி, வாராவாரம் வாங்கும் அரிசி என எல்லாம் அவன் பெயரில் பற்று எழுதப்படுகின்றன. நோயில் படுத்த நாளுக்குக் கூலி இல்லை. அன்று தின்ற அரிசிக்குப் பற்று உண்டு. கணக்கு முடியும் நாளில் கைக்கு ஒன்றும் வராமல் கடனே மிஞ்சுகிறது. கருப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் இங்கே முக்கியம். தன் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் அந்த ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனால் பார்க்க முடியாது.

இதன் பின்னால் இருந்த சட்டத்தை மாணவர்கள் அறிந்திருப்பது நல்லது. பிரிட்டிஷ் பேரரசில் அடிமை ஒழிப்புச் சட்டம் 1833இல் வந்தது. இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் 1843இல் இயற்றப்பட்டது. அதாவது கருப்பன் மலையேறுவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, ஏட்டளவில் இந்த நாட்டில் அடிமை என்று எவரும் இல்லை. ஆனால் 1859இல் இன்னொரு சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம். வேலைக்குத் திரும்பவோ பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம். மீறினால் மூன்று மாதம்வரை சிறையில் அடைக்கலாம். சென்னை மாகாணத் தோட்டங்களுக்கென்றே 1903இல் தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. கடனைத் திருப்பித் தராத முதலாளி மீது சிவில் வழக்குப் போடப்பட்ட காலத்தில், கூலிக்காரன் மட்டும் குற்றவாளி ஆனான். 1859ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்க 1925இல் முடிவாயிற்று. ஏறத்தாழ அதே நேரத்தில்தான் நாவலின் கதை தொடங்குகிறது. சட்டம் போனபின்னும் கணக்கேடு போகவில்லை என்பதற்குக் கருப்பனின் கதையே சாட்சி.

இந்தப் பகுதி மலைத்தோட்டத்தை நேரில் பார்த்திராத வாசகருக்கும் அந்நியமாக இராது. காஞ்சிபுரத்திலும் அதை ஒட்டிப் பாலாற்றங்கரையில் உள்ள செவிலிமேட்டிலும் முன்பணம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கோர்வைப் பட்டுச் சேலையை நெய்ய இருவர் வேண்டும். நெசவாளி உடலுக்கு நாடா ஓட்டும்போது, கரைப் பக்கத்து நாடாவை எடுத்துத் தர ஓர் உதவியாள் தேவை. அந்த இடத்தில் நெடுங்காலம் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள். வீட்டில் ஒரு நோய், ஒரு கல்யாணம், ஒரு சாவு வந்தால் பெற்றோர் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குவதும், அது கழியும்வரை பிள்ளை தறியில் உட்காருவதும் வழக்கமாக இருந்தன. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் இந்தியப் பட்டுத்தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தறிக்கும் தேயிலைக்கும் வேறுபாடு உண்டு. தறிக்காரர் துரையும் இல்லை, வேற்று நிறத்தவரும் இல்லை. பல நேரங்களில் அவரே பட்டு வணிகருக்குக் கடன்பட்டவர். ஆனால் பற்று எழுதும் முறை ஒன்றுதான். நிறவெறியை மட்டும் தேடி இந்நாவலைப் படிப்பவர் இந்த ஒற்றுமையைக் காணாமல் போகக்கூடும்.

நிறமும் சாதியும்

துரைகளின் பார்வையில் கூலிகள் மனிதர்களாகவே தெரிவதில்லை. பெயர் சொல்லி அழைப்பதில்லை, சாவு ஒரு செய்தியாக இல்லை, பெண்களைப் பங்களாவுக்கு வரச்சொல்வது ஒரு குற்றமாகவே கருதப்படவில்லை. கருப்பு உடல் உழைக்கப் பிறந்தது என்ற எண்ணம் அவர்களுக்கு இயல்பாக இருக்கிறது. அமெரிக்கப் பருத்தித் தோட்டங்களைப் பற்றிய அடிமை இலக்கியத்தோடு இந்நாவலை ஒப்பிடுவோர் இந்தப் பகுதிகளையே எடுத்துக்காட்டுவார்கள். ஒப்பீடு பொருந்துகிறது, ஓர் இடம் தவிர. ஆப்பிரிக்கர் சங்கிலியில் பிணைத்துக் கடல் கடத்தப்பட்டார்கள். கருப்பனும் வள்ளியும் தாங்களே நடந்து போகிறார்கள். அவர்களை நடக்கவைத்தது பசியும், ஊரில் சாதி அவர்களுக்கு விட்டுவைத்த இடமும். துரைக்கு ஆள் பிடிக்கும் வேலையில் பாதியைத் திருநெல்வேலிச் சீமையின் சாதியமைப்பு முன்னமே முடித்துவைத்திருந்தது. துரை புதிதாக ஓர் இழிவைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே குனிந்து நிற்கப் பழக்கப்பட்டவர்களை வாங்கிக்கொண்டார்.

இதனால்தான் சங்கரபாண்டியன் போன்ற பாத்திரங்கள் துரைகளைவிடக் கூர்மையாக அமைந்திருக்கின்றன. மேஸ்திரிக்குத் தன் ஆட்களின் வேலைக்கேற்பக் கமிஷன் உண்டு. ஆகவே நோயாளியையும் எழுப்பி வேலைக்கு விரட்டுவது அவருக்கு லாபம். கூலிகளின் மொழி அவருக்குத் தெரியும், அவர்களுடைய ஊர் தெரியும், உறவு தெரியும். எங்கே தட்டினால் வலிக்கும் என்பதும் தெரியும். பங்களாவில் அமர்ந்த துரைக்கு இந்த அறிவு கிடையாது. வன்முறையை அவர் ஆணையிடுகிறார், தமிழர் நிறைவேற்றுகிறார். தமிழ் வாசகருக்கு இந்நாவலில் மனம் கூசும் இடம் இதுவே.

முல்க்ராஜ் ஆனந்தின் 'டூ லீவ்ஸ் அண்ட் எ பட்' (1937) அசாம் தேயிலைத் தோட்டத்தைப் பற்றியது. அங்கும் ஆசை காட்டி அழைத்துவரும் இடைத்தரகர் உண்டு, தொழிலாளி கங்கு உண்டு. கங்குவைச் சுட்டுக்கொல்லும் வெள்ளை அதிகாரியை நீதிமன்றம் விடுவிக்கிறது. நிற அநீதி ஒரே வழக்கில் பளிச்சென்று வெளிப்படும் அமைப்பு அது. டேனியலின் நாவலில் அப்படி ஓர் உச்சக் காட்சியைத் தேட வேண்டியதில்லை. அநீதி நாள்தோறும், சில்லறையாக, ஏட்டில் வரவு வைக்கப்படுகிறது. கலை நேர்த்தியில் ஆனந்தின் நாவல் மேலானது. தோட்ட வாழ்வின் உண்மைக்கு டேனியல் நெருக்கமாக நிற்கிறார்.

குறைகள்

நாவலின் பிற்பகுதியில் மனிதநேயம் மிக்க மருத்துவர் ஒருவர் வருகிறார். தொழிலாளர் நிலை கண்டு பதறுகிறார், போராடுகிறார், சிலவற்றை மாற்றவும் செய்கிறார். ஆசிரியரே மருத்துவர் என்பதால் இந்தப் பாத்திரத்தில் நம்பகத்தன்மை உண்டு. ஆயினும் இவர் வந்தபின் கதையின் கண் இடம் மாறிவிடுகிறது. அதுவரை கருப்பனோடு லயனிலிருந்து பார்த்த வாசகர், இப்போது மருத்துவரோடு மருத்துவமனையிலிருந்து பார்க்கிறார். துன்பப்படுபவர் ஒருவர், அதற்காக வருந்தத் தெரிந்தவர் வேறொருவர் என்றாகிறது. ஆனந்தின் நாவலிலும் ஒரு நல்ல மருத்துவர் இருக்கிறார் என்பது வேடிக்கையான ஒற்றுமை. தொழிலாளர் ஒன்றுகூடி எழுவது நாவலின் மையத்துக்கு வரவில்லை. சங்கப் பணியில் ஈடுபட்ட ஒருவரின் நாவலில் இது உறுத்துகிறது. கதை நடக்கும் காலத்தில் மலையில் சங்கம் வேரூன்றியிருக்கவில்லை என்பது நியாயமான பதில்தான். ஆனால் சங்கம் இல்லாத இடத்திலும் முணுமுணுப்பு உண்டு, கள்ளத்தனமாக வேலையைத் தாமதிப்பது உண்டு, தப்பியோடியவனுக்குச் சோறு கொடுத்து அனுப்புவது உண்டு. இவற்றுக்கு இன்னும் இடம் தந்திருக்கலாம்.

பெண்கள் மீதான வன்முறையைச் சொல்லும் விதத்திலும் ஒரு தயக்கம் தெரிகிறது. வள்ளிக்கு நேரும் ஆபத்து பெரும்பாலும் கருப்பனின் கையாலாகாத தவிப்பாகவே நமக்கு வந்துசேர்கிறது. இதோடு, மணிக்கொடி இதழில் 1935இல் வெளிவந்த புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யை வைத்துப் படிக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியே அங்கு கதையின் மையம். ஊரில் பட்ட அடியும் தோட்டத்தில் பட்ட அடியும் அவள் உடம்பிலேயே எழுதப்படுகின்றன. கதை அளவில் சிறியதுதான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அது நாவலைவிட வெகுதூரம் போயிருக்கிறது.

திரைப்படமும் தலைப்பும்

இயக்குநர் பாலாவின் 'பரதேசி' (2013) இந்நாவலைத் தழுவியது. நாஞ்சில் நாடன் வசனம் எழுதினார். படத்தைப் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். முதலாவது, மருத்துவர். நாவலில் அவர் மதிப்புக்குரியவர். படத்திலோ மதமாற்றத்தில் ஆர்வம் கொண்டு ஆடிப்பாடுபவராகக் காட்டப்பட்டார். அந்தக் காட்சி கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. மருத்துவரை மையமாக்கியதை நாவலின் குறையாகச் சொல்லலாம். அவரைக் கோமாளியாக்குவது அதற்கு மாற்றாகாது. இரண்டாவது, கணக்கேடு. அங்கம்மாவும் குழந்தையும் தோட்டத்துக்கே வந்து சேர்வதும் நாயகனின் ஓலமும் பார்ப்பவரை உலுக்குபவை. ஆனால் திரையில் மனத்தில் நிற்பது அடியும் ஓலமும்தான். அரிசிக்கும் கம்பளிக்கும் பற்று எழுதும் எழுத்தரின் சலிப்பான கை, நாவலில் நிற்கும் அளவுக்குப் படத்தில் நிற்கவில்லை.

தலைப்பு மாற்றம் பற்றியும் ஒரு சொல். 'சிவப்புத் தேநீர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு கோப்பையைக் காட்டுகிறது. தேநீரைக் கையில் வைத்திருப்பவரை நோக்கி, இதன் நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. ஆங்கிலம் படித்த, தோட்டத்துக்கு வெளியே இருந்த வாசகருக்காக எழுதப்பட்ட நூலுக்கு அது பொருத்தம். தமிழ்த் தலைப்போ காட்டைக் காட்டுகிறது. கோப்பையைப் பிடித்தவரை விட்டுவிட்டு, பனியில் நின்று வெந்தவர்களின் பக்கம் திரும்புகிறது. கருப்பனும் வள்ளியும் ஆங்கிலத்தில் பேசியவர்கள் அல்லர். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து முருகவேளின் மொழிபெயர்ப்பில்தான் அவர்கள் தங்கள் மொழியைத் திரும்பப் பெற்றார்கள். வால்பாறை லயன்களில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் இந்த நாவலைப் படிக்க முடிந்ததும் அப்போதுதான்.