பந்து காலில் இல்லாத நேரம்

கால்பந்தை ஊன்றிப் பார்ப்பவர்கள் பந்தையே துரத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ஆட்டக்காரன் காலில் பந்து இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். மிச்ச நேரம் அவன் எங்கே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்புகிறான் என்பதில்தான் சரக்கு தெரியும். பிழைக்கப் போகிறவர்களைப் பற்றிய சில படங்களை இந்தக் கண்ணோடு மறுபடி பார்த்தேன்.

ஓசூர்க்காரனுக்கு இது இயல்பாக வரும். ஹட்டியாவில் ரயில் ஏறி பெங்களூரில் இறங்கி, இன்னும் 40 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்து சேரும் ஜார்க்கண்ட் பையன்கள் நம் பஸ் ஸ்டாண்டில் பையின் மேலேயே உட்கார்ந்திருப்பார்கள். கான்ட்ராக்டரின் ஆள் வரவேண்டும். பயணத்தில் பாதி இந்தக் காத்திருப்புதான். சினிமா முதலில் வெட்டி எறிவதும் இதைத்தான். ரயில் கிளம்பும், பாட்டு வரும், பாட்டு முடிவதற்குள் ஆள் வேலையில் இருப்பான்.

வெட்டாத படங்களும் உண்டு. வெற்றிமாறனின் ‘விசாரணை’யில் அட்டகத்தி தினேஷை லாக்கப் காட்சிகளுக்காகத்தான் எல்லோரும் பாராட்டினார்கள். என் மதிப்பெண் குண்டூர் பூங்காவில் படுத்து எழுகிற அந்தத் தொடக்கத்துக்கு. இது நம் இடமில்லை என்பது வசனத்துக்கு முன்பே அந்த உடம்புக்குத் தெரிந்திருக்கிறது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் (2018) ஏலக்காய் மூட்டையோடு நடக்கும் ஆண்டனியின் பாதங்களைப் பாருங்கள். சுழல்பந்தை ஆடத் தெரிந்தவனின் கால்கள் அவை. எங்கே ஊன்றலாம், எங்கே கூடாது என்பது அத்துப்படி.

அனுபவ் சின்ஹாவின் ‘பீட்’ (2023) எனக்கு ஏமாற்றம். 2020 ஊரடங்கில் மாநில எல்லைச் சோதனைச்சாவடியில் மடக்கப்பட்டவர்களின் கதை, கறுப்பு வெள்ளையில். ஆனால் பந்து திரும்பத் திரும்ப போலீஸ் அதிகாரியாக வரும் ராஜ்குமார் ராவின் காலுக்கே போகிறது. நடந்து வந்தவர்கள் கேலரியில். வினோத் காப்ரியின் ஆவணப்படம் இந்தத் தப்பைச் செய்யவில்லை. காஜியாபாத்திலிருந்து பீகாரின் சஹர்ஸாவுக்கு ஏழு தொழிலாளர்கள் சைக்கிள் மிதித்த 1232 கிலோமீட்டர். டூர் டி பிரான்ஸ் வீரனுக்குப் பின்னால் மெக்கானிக்கோடு கார் வரும். இவர்களுக்கு முன்னால் போலீஸ் தடுப்பு.

நமக்கும் அப்படி ஒரு சோதனைச்சாவடி உண்டு. காவிரிக் கலவரம் வெடித்த 2016 செப்டம்பரில் பஸ்கள் எல்லையோடு நின்றுவிட, அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்குக் குழந்தையும் மூட்டையுமாக ஜனம் நடந்தது. அந்த நடையைத் திரையில் நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கே வந்து உழைப்பவனுக்கு நம் படங்கள் தருவது சப்ஸ்டிட்யூட் வேலை: பானிபூரிக் கடையில் ஒரு சிரிப்பு, அல்லது கொள்ளைக்கூட்டத்தில் ஒரு முகம். பாஸ்கர் சக்தி 2024-இல் அவனைக் களத்துக்குள் கொண்டுவந்தார். படத்துக்கு ‘வடக்கன்’ என்று வைத்த பெயர் தணிக்கையில் நிற்கவில்லை, ‘ரயில்’ ஆனது. ஒருவகையில் பொருத்தமான மாற்றம்தான், போங்கள்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பையன் இந்தியில் டப் செய்த தமிழ்ப் படம் ஒன்றைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். ஓடும் ரயிலில் சண்டை. கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. படத்தை நிறுத்தாமலே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அடி விழும் சத்தம் வேன் வரைக்கும் கேட்டது.