இலக்கணம் தந்த இடம், இல்லம் தர மறுப்பதோ?

புதுவையை அடுத்த பிள்ளையார்குப்பத்தில் ஆண்டுதோறும் கூத்தாண்டவர் விழா. திருநங்கையர் திரள்வர், ஆடுவர், பாடுவர், தாலி கட்டிக்கொள்வர். காண ஊரே கூடும். கண்டு களித்தவர் வீடு திரும்புவர். அந்த வீட்டிலேயே ஒரு பிள்ளை, “நான் மகனல்ல, மகள்” என்று விம்மினால்? வேடிக்கை பார்த்த கண்கள் சிவக்கும்! வேப்பிலை வரும், பிரம்பு வரும், ‘தெளிய வைக்கும்’ மருத்துவரும் வருவார்!

அத்தகைய வீட்டின் கதைதான் ரேவதியின் தன்வரலாறு, ‘வெள்ளை மொழி’ (2011). நாமக்கல் வட்டாரச் சிற்றூர்ப் பிள்ளை. திருவிழாவில் குறத்தி வேடம் புனைந்தபோது ஊர் கைதட்டிற்று. அதுவே தன் இயல்பென்று அறிந்து பெண்ணாக வாழப் புகுந்தபோதோ, உடன்பிறந்தான் மட்டையால் அடித்தான். ஆசையாய் வளர்த்த கூந்தலை மழித்தனர். வேடமென்றால் பாராட்டு, உண்மையென்றால் உதை! இதுதானே நம் சமுதாயத்தின் நீதி?

நூலின் சிறப்பு அதன் நேர்மை. ஒப்பாரியில்லை; ஒப்பனையில்லை. குறையும் உண்டு. நிகழ்ச்சிகள் அடுக்கடுக்காய் விரைகின்றன. சிலவிடங்களில் நின்று மனத்தை விரித்துக் காட்டியிருக்கலாம். எனினும் இளமைப் பகுதியைப் படித்து முடித்ததும் ஓர் ஏக்கம் நெஞ்சை அறுக்கிறது. “உன் மனத்தில் உள்ளதைச் சொல்” என்று கேட்க ஒருவர் இருந்திருக்கக் கூடாதா?

அந்தக் கேள்விதான் மருத்துவம்! அரவணைக்கும் உளநல ஆலோசனை என்பது கத்தி எடுப்பதன்று. பிள்ளையை எப்பக்கமும் தள்ளுவதுமன்று. கேட்பது, நம்புவது, விரும்பும் பெயரால் அழைப்பது, பெற்றோரையும் பள்ளியையும் உடன் அமர்த்திப் பேசுவது. மருந்தும் அறுவையும் வேறு; அவற்றுக்கு வயதும் வேண்டும், ஆய்வும் வேண்டும். அன்புக்கு வயது வரம்பு ஏது?

இது மேனாட்டுச் சரக்கு என்பாரும் உளர். அவர்கள் நன்னூலைப் புரட்டட்டும்! 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தியார், ஆண்மை நீத்துப் பெண்மை விரும்புவாரைப் பெண்பால் என்றார். பெண்மை நீத்து ஆண்மை விரும்புவாரை ஆண்பால் என்றார். உடலைக் கேட்டாரில்லை, உள்ளத்தைக் கேட்டார்! ஆனால் அந்நூற்பாவே, இருவரையும் அஃறிணைபோலக் கொள்ளலும் உண்டு என முடிகிறது. கொடுத்த கையே பறித்தது! முன்பாதியைப் போற்றுவோம்; பின்பாதியைப் புதைப்போம்.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இத்தகையோரை ‘மாற்றும்’ மருத்துவத்தைத் தடுத்தார். தீர்ப்பெழுதுமுன், தாமே உளவியல் அறிஞரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அம்முறையைத் தொழில் ஒழுக்கக் கேடு என்றது. அந்த நீதிமன்றத்தின் ஆளுகை புதுவைக்கும் உண்டு.

சட்டம் மருத்துவர் கையைத் தடுக்கும். தந்தை கைப் பிரம்பை யார் தடுப்பது? அறிந்திராததை அறியேன் என்று ஒப்பி, நீதிபதியே மாணவராய் அமர்ந்தார். பெற்றோரே, உங்களுக்கு மட்டும் அது இழுக்கோ? தேரைக் காணப் பிள்ளையார்குப்பம் போகுமுன், வீட்டின் மூலையில் விம்மும் பிள்ளையின் குரலைக் கேளுங்கள்!